கூடு விட்டுக் கூடு

திருமூலர் கதை நம்மில் அநேகருக்குத் தெரிந்ததுதான். மேய்ச்சல் காட்டில் மூலன் என்கிற இடையன் செத்துக் கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அந்த வழியாகப் போன சித்தர் மனம் இரங்கி, தம் உயிரை மூலனின் உடம்பில் செலுத்தி எழுந்து, பசுக்களை ஊர் கொண்டு சேர்க்கிறார். பசுக்களுக்குச் சந்தோஷம். ஆனால் மூலனின் பெண்டாட்டியை ஏமாற்ற முடியவில்லை. வீட்டுக்கு வரமாட்டேன் என்று நிற்கிற புருஷனைப் பார்த்ததுமே ஏதோ விபரீதம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயசில் இந்தக் கதையைப் பக்தியோடு கேட்டேன். இப்போது நினைத்தால், அந்த உடம்பு பட்டிருக்கக்கூடிய சங்கடங்கள்தான் முதலில் ஞாபகம் வருகின்றன. கையை உயர்த்து என்று புது உயிர் சொன்னால் பழைய கை உடனே கேட்டிருக்குமா? நாலு வருஷமாக என் மேஜைமேல் அப்படி ஓர் உடம்பு இருப்பதால் வந்த சந்தேகம் இது.

உடம்பு, விண்டோஸுக்கென்று செய்த ஒரு மடிக்கணினி. ஏதோ ஓர் ஆபீஸில் மூன்று வருஷம் உழைத்துவிட்டு, சென்னை ரிச்சி தெருவுக்கு வந்து, அங்கிருந்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே குடியிருக்கும் உயிர், ஆப்பிள் கம்பெனியின் மாக் ஓ.எஸ். இப்படிக் கூடு பாய்ந்த யந்திரங்களுக்கு ஹாக்கின்டோஷ் என்று பெயர். மாக்கின்டோஷின் தலையை எடுத்துவிட்டு, உத்தரவில்லாமல் உள்ளே புகுந்து கைவேலை செய்வதைக் குறிக்கும் 'ஹாக்' என்ற இங்கிலீஷ் சொல்லை ஒட்டிய பெயர்.

கதை எழுதுகிறவனுக்கு எதற்கு இந்த வம்பு என்று கேட்பீர்கள். எழுத்துத்தான் காரணம். மதுரையில் ஒரு சிநேகிதர் வீட்டில் அசல் மாக் ஒன்றில் தமிழைப் பார்த்தேன். விசைப்பலகை வரிசையில் 'அஞ்சல்' என்று ஒன்று. எழுத்துருக்களில் 'இணைமதி' என்று ஒன்று. மலேசியாவில் இருக்கும் முத்து நெடுமாறன் செய்தவை. பெட்டியை வாங்கிப் பிரித்ததுமே, யாரிடமும் எதையும் கேட்டு வாங்காமல், தமிழ் அதற்குள் இருந்தது. அதில் 'ழ'வின் வால் வளைகிற இடத்தைச் சிநேகிதர் காபி கொண்டுவரும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். விலையைக் கேட்டேன். லட்சத்தை ஒட்டிச் சொன்னார். காபியைக் குடித்துவிட்டுக் கும்பகோணம் திரும்பிவிட்டேன்.

என் அக்கா மகன் பாலிடெக்னிக் படித்தவன், சென்னையில் வேலை. அவனிடம் இந்த 'ழ' சமாசாரத்தைச் சொல்லப் போக, "அவ்வளவுதானே மாமா, போட்டுத் தரேன்" என்றான். ஏதோ சுவரில் ஆணி அடித்துத் தருகிறேன் என்கிற மாதிரி.

இது நடக்கக்கூடிய காரியமானதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஆப்பிள் யந்திரங்களில் பல வருஷங்களாக வேறு ஜாதி மூளை இருந்தது. 2005 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ், இனி எங்களுக்கும் இன்டெல் மூளைதான் என்று அறிவித்தார். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மாக் வந்தது. ஊரில் எல்லாப் பெட்டிகளிலும் இருக்கும் அதே மூளை. அப்படியானால் அந்த உயிரை இந்த உடம்பில் ஏன் விடக்கூடாது என்று உலகத்தில் பல மூலைகளில் ஒரே சமயத்தில் சில பேருக்குத் தோன்றிவிட்டது. ஆப்பிள் சும்மா இருக்கவில்லை. தன் பெயர் பொறித்த யந்திரத்தில்தான் இதை நிறுவலாம் என்று உரிமப் பத்திரத்தில் எழுதியது. அதோடு நிற்காமல் ஒரு பூட்டும் போட்டது.

அந்தப் பூட்டைப் பற்றி மருமான் சொன்ன அன்றுதான் இந்தப் பெட்டியின்மேல் எனக்கு நிஜமான ஆர்வம் வந்தது. அசல் மாக்கில் விசிறி, சூடு, பேட்டரி இவற்றைக் கவனித்துக்கொள்ள ஒரு குட்டிச் சில்லு உண்டு. அதற்குள் ஒரு வாக்கியத்தை ஒளித்துவைத்தார்கள். சில முக்கியமான உறுப்புக்களைப் பூட்டி வைத்திருப்பார்கள். சில்லு அந்த வாக்கியத்தைச் சொன்னால்தான் பூட்டுத் திறக்கும். பூட்டைத் திறக்கும் உறுப்பின் பெயரே 'மாக் ஓ.எஸ். எக்ஸைத் திருடாதே' என்பதுதான். வாக்கியமும் அதே பாணி. எங்கள் உழைப்பைத் திருடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிற விண்ணப்பம். இதற்கு மேல் ஓர் எஞ்சினீயர், அத்துமீறி வருகிறவனுக்கென்று ஒரு கவிதையும் எழுதி உள்ளே வைத்திருந்தாராம். 2006-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். இரும்புக் கதவை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு வாசலில் கவிதை!

என் பெட்டியில் அந்தச் சில்லு கிடையாது. ஆகவே சில்லு மாதிரி நடிக்கிற ஒரு நிரல் இருக்கிறது. தினம் காலையில் நான் பொத்தானை அமுக்கியதும், உள்ளே மாக் ஓ.எஸ். கேட்கிறது, நடிகன் அந்த வாக்கியத்தை ஒப்பிக்கிறான். திருடாதே என்று கேட்டுக்கொள்ளும் வார்த்தைகளே திறவுகோலாக இருப்பதால், அதைச் சொல்லாமல் யாரும் உள்ளே போகமுடியாது. நானும் இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன், இப்படி ஒரு கட்டத்தை யோசித்தது கிடையாது.

இந்த நடிகனையும், வாசலில் நின்று எல்லாவற்றையும் மேய்க்கிற 'ஓபன்கோர்' என்ற துவக்க நிரலையும் எழுதியவர்கள் கூலி வாங்காத ஆசாமிகள். ஓபன்கோர் 2019-இல் வெளியே வந்தது. வட்டின் ஓரத்தில் சின்னதாக ஒதுக்கப்பட்ட ஒரு பகுதியில் உட்கார்ந்திருக்கும். விசையைத் தட்டியதும் அதுதான் முதலில் எழுந்து, "ஐயா, இது இன்ன வருஷத்து மாக்புக், இதோ அதன் வரிசை எண்" என்று புது உயிருக்கு உடம்பை அறிமுகம் செய்து வைக்கிறது. என்னென்ன சொல்லவேண்டும் என்பதெல்லாம் ஒரு நீளமான பட்டியலில் இருக்கிறது. அதில் ஒரு வரி பிசகினால் ஆப்பிள் சின்னம் தோன்றி, அதோடு நின்றுவிடும்.

மேஜைக் கணினி என்றால் இத்தனை கஷ்டமில்லை. ஒத்துவராத அட்டையைக் கழற்றிவிட்டு வேறு செருகிக்கொள்ளலாம். மடிக்கணினியில் முக்கால்வாசி உறுப்புக்கள் பலகையோடு பற்றவைத்தவை. இஷ்டமில்லாத சம்பந்திகளோடு குடித்தனம் நடத்துகிற மாதிரிதான். என் பெட்டியில் இன்டெல் படச்சில்லு ஒன்று, என்விடியா படச்சில்லு ஒன்று. இரண்டாவதற்கு 2018-க்குப் பிந்திய மாக் ஓ.எஸ்.ஸில் இயக்கி கிடையாது. அது சும்மா உட்கார்ந்து மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். அதைத் தூங்கவைக்க ஒரு தனி மந்திரம். விரல்ரேகை பார்க்கும் சதுரம் ஒன்று இருக்கிறது. அது எந்த மந்திரத்துக்கும் மசியவில்லை. பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் சில்லு பதினாறு பிட்டுகளாகப் பதில் சொல்கிறது; மாக்குக்கு எட்டெட்டாகக் கேட்டுத்தான் பழக்கம். நடுவில் ஒரு துபாஷியை வைத்த பிறகுதான் பேட்டரிப் படம் தெரிந்தது.

எல்லாவற்றையும்விட அதிகம் வதைத்தது தூக்கம்.

மூடியை மூடினால் மடிக்கணினி தூங்கவேண்டும். இது கண்ணை மூடும். அடுத்த கணம் மூடிக்குள்ளேயே விழித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. ஒரு தரம் உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகையில், பக்கத்துப் பெர்த்துக்காரர் என் பையைத் தொட்டுவிட்டு, "சார், டிபன் ஏதாவது சூடா வச்சிருக்கீங்களா?" என்றார். கையை உள்ளே விட்டேன். இட்லிப் பானை மாதிரி கொதித்தது. எழும்பூரில் இறங்கும்போது பேட்டரி அடியோடு காலி.

மருமானிடம் சொன்னேன். "மூடியை மூடாதீங்க மாமா, நான் பார்க்கிறேன்" என்றான். பெட்டியை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். மூன்று சனி ஞாயிறு அவன் அதோடு கழித்தான். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட இருந்து பார்த்தேன். அவன் கைமுறை எனக்குப் பிடித்திருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தான். ஒரு வரியை மாற்றுவான், அணைத்து ஏற்றுவான், மூடியை மூடுவான், காத்திருப்பான், நோட்டில் எழுதுவான். அப்புறம்தான் அடுத்த வரி.

"ஏண்டா, நாலைந்தைச் சேர்த்து மாற்றிப் பார்த்தால் சுருக்க முடியாதா?" என்றேன்.

"சரியாயிட்டா எதனால சரியாச்சுன்னு தெரியாது மாமா. கெட்டுப்போனா எதனாலன்னும் தெரியாது."

நாவலை வெட்டித் திருத்துகிறேன் பேர்வழி என்று ஒரே ராத்திரியில் மூன்று பாத்திரங்களின் தலையெழுத்தை மாற்றுகிற சில சிநேகிதர்களிடம் இவனை அனுப்பலாமா என்று யோசித்தேன்.

கடைசியில் குற்றவாளி அகப்பட்டது விசித்திரமான இடத்தில். மாக் ஓ.எஸ். ஒரு கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் பதினைந்து யு.எஸ்.பி. வாசல்களுக்குமேல் கணக்கில் வைத்துக்கொள்ளாது. என் பெட்டியில் வெளியே மூன்று துளைதானே என்று நினைத்தேன். அப்படியில்லை. வேகத் துளை ஒவ்வொன்றும் இரண்டு வாசலாகக் கணக்காகும். போதாததற்குக் காமிரா, ப்ளூடூத், விரல்ரேகைச் சதுரம் எல்லாம் உள்ளேயே யு.எஸ்.பி. வாசல்களில்தான் மாட்டியிருக்கின்றன. ஆகவே எது வேண்டும், எது வேண்டாம், எது வெளித்துளை, எது உள்ளே பதிந்தது என்று கையால் ஒரு வரைபடம் எழுதித் தரவேண்டும். உள்ளே பதிந்ததற்கு அடையாளம் 255 என்ற எண். ப்ளூடூத்துக்கு அந்த எண் விழவில்லை. வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, பாவம், இந்த உயிர் ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறது! 255 என்று எழுதினான். மூடினான். நாங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். தூங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில், ஒரு கடைக்காரரிடம் காட்டினால் என்ன என்று எங்கள் ஊரில் ஒரு பழுது பார்க்கும் கடைக்கும் போனதுண்டு. அவர் பெட்டியைத் திறந்தார், திரையில் ஆப்பிள். மூடினார், மூடிமேல் வேறு கம்பெனிச் சின்னம். மறுபடி திறந்தார். "சார், இதை நான் தொடலே" என்று இரண்டு கைகளாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பெட்டி செய்த கம்பெனி, நான் வைத்த உயிர் இது இல்லையே என்கும். உயிரைச் செய்த கம்பெனி, இது என் உடம்பே இல்லை என்கும். இரண்டும் நியாயம். உத்தரவாதச் சீட்டை நீட்டிச் சண்டை போடுகிற சுகம் இதில் கிடையாது. ஒன்று, காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். இல்லையென்றால் பெட்டியை மூடி வைக்கவேண்டும்.

போன வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு வந்த மருமான், ஊருக்குத் திரும்புகிற ராத்திரி ஒரு புதிய பதிப்பை ஏற்றிவிட்டு, "அரை மணி ஓடும் மாமா, தானா முடிஞ்சிடும்" என்று பஸ்ஸுக்கு ஓடினான். காலையில் ஆப்பிள் சின்னமும் அதன் கீழே பாதி நிறைந்த கோடும் நின்றன. அன்று சாயங்காலத்துக்குள் வாரப்பத்திரிகைக்கு அத்தியாயம் போகவேண்டும், அத்தியாயம் பெட்டிக்குள்.

போனில் கூப்பிட்டேன். விண்டோஸ் படம் போட்ட கட்டையையும் 'வி'யையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு ஏற்றச் சொன்னான். அழகான சின்னம் மறைந்து, கறுப்பில் வெள்ளை எழுத்து மழையாகக் கொட்டியது. பெட்டி தான் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகிற முறை அது. கடைசி வரியில் நின்றது. நான் உற்சாகமாக அந்தக் கடைசி வரியை வாசித்தேன். "அது இல்லை மாமா, அதுக்கு மேலே இருபது வரி படம் எடுத்து அனுப்புங்க" என்றான். பிணத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவனையே கொலைகாரன் என்று பிடிக்கிற போலீஸ்காரர்களை என் கதைகளிலேயே கேலி செய்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். என் பெட்டியில் உள்ள இன்டெல் வைஃபை சில்லை ஆப்பிள் எந்தக் காலத்திலும் உபயோகித்ததில்லை. அதற்கு இயக்கி எழுதியதும் கூலியில்லாத ஒரு கைதான். மாக்கின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாக அந்த இயக்கி உண்டு. புதுப் பதிப்பு உள்ளே வந்துவிட்டது. பழைய பதிப்புக்கான இயக்கி வாசலில் குறுக்கே படுத்திருக்கிறது. இதற்கென்று மருமான் ஒரு பென் டிரைவ் தயார் செய்து, என் மேஜை இழுப்பறையில் போட்டிருந்தான். அதில் இருந்த ஓபன்கோரில் வைஃபை இயக்கி கிடையாது. எஃப்-12ஐ அமுக்கி அதன் வழியாக ஏற்றினேன். வைஃபை இல்லாமல், ஆனால் உயிரோடு, பெட்டி எழுந்தது. அத்தியாயத்தை அதே பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்கு நடந்தேன். அத்தியாயம் போயிற்று, சரியான இயக்கி வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நான் கறுப்புச் சன்னலில் அடித்து, பழையதை எடுத்துப் புதியதை வைத்தேன். எனக்குக் காலேஜ் இரண்டு வருஷத்தோடு சரி. அன்று ராத்திரி ஒரு டிகிரி வாங்கிய மாதிரி இருந்தது.

இது வரையில் வேடிக்கை. இனிமேல் வேடிக்கையில்லாத ஒன்று.

சென்னைப் புத்தகக் கண்காட்சியில் ஒரு வாலிபர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், உங்க நாவல் அஞ்சையும் படிச்சிட்டேன். பி.டி.எஃப்.ல" என்றார். நிஜமான அன்பு அவர் முகத்தில். அந்த ஐந்தில் இரண்டு அச்சில் இல்லை. மூன்றுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் வருகிற ராயல்டி எவ்வளவு என்று சொன்னால் பதிப்பாளருக்கு வருத்தம். அன்று மருமான் அறையில் இதைச் சொல்லிப் பொருமினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மேஜைமேல் திறந்திருந்த என் பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"இது வேறடா" என்றேன்.

"எப்படி மாமா?"

எப்படி என்று அவனுக்கு ஒரு மணி நேரம் சொன்னேன். மாக் ஓ.எஸ். கடையில் தனியாக விற்கிற சரக்கு இல்லை. அதன் விலை யந்திரத்தின் விலைக்குள் இருக்கிறது. பதிப்புக்களை ஆப்பிள் காசு கேட்காமல்தான் தருகிறது. 1995 முதல் இரண்டு வருஷம் மற்றக் கம்பெனிகள் மாக் செய்து விற்க ஆப்பிளே அனுமதி கொடுத்திருந்தது. 1997-இல் ஜாப்ஸ் திரும்பி வந்துதான் அதை நிறுத்தினார். புளோரிடாவில் சைஸ்டார் என்ற கம்பெனி 2008-இல் இதே மாதிரிப் பெட்டிகளைச் செய்து விற்றது. ஆப்பிள் வழக்குப் போட்டு 2009-இல் ஜயித்தது. 2011-இல் மேல்கோர்ட்டிலும் அதே தீர்ப்பு. அது வியாபாரம். வீட்டில் ஒருவன் உட்கார்ந்து தனக்கென்று செய்துகொள்வது வேறு.

"அந்தப் பையனும் வீட்டுல உட்கார்ந்து தனக்குன்னுதானே மாமா படிச்சான்?"

இவனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்ததற்கு வக்கீலுக்குப் படிக்கவைத்திருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல என்றுதான் இப்போதும் எனக்குப் படுகிறது. அந்தக் கம்பெனியின் செல்வத்தையும் என் மளிகைக் கடன் நோட்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெரியவனிடம் எடுத்தால் பரவாயில்லை என்பது எல்லாத் திருடனும் சொல்கிற வாதம் என்பதும் தெரிகிறது. என் கதைகளில் அவர்களுக்கு நானே அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதில் என்னைத் தொந்தரவு செய்வது கம்பெனியின் செல்வம் அல்ல. அந்த வாக்கியம். பூட்டுப் போடத் தெரிந்த ஒருவர், எங்கள் உழைப்பு என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கம்பெனி தெரியவில்லை எனக்கு. ராத்திரி மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு சம்பளக்காரர் தெரிகிறார். நான் ராத்திரியில்தான் எழுதுகிறேன். அதே ராத்திரியில் இன்னொரு மூலையில், சல்லிக்காசு வாங்காமல், என் வைஃபை சில்லுக்கு இயக்கி எழுதிய கையும் இருக்கிறது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என் 'ழ' வளைகிறது.

அதற்குப் பிறகு பி.டி.எஃப். வாசகர்கள் யாராவது வந்தால், எந்த அத்தியாயம் பிடித்தது என்று கேட்கிறேன். பொருமுவதைப் பதிப்பாளரிடம் வைத்துக்கொள்கிறேன்.

எப்படியும் இந்தக் குடித்தனம் நீடிக்காது. ஆப்பிள் 2020-இல் இன்டெல்லை விட்டுத் தன் சொந்தச் சில்லுக்கு மாற ஆரம்பித்தது. 2025 ஜூனில், 'தாஹோ' என்ற பதிப்புத்தான் இன்டெல் யந்திரங்களுக்குக் கடைசி என்று சொல்லிவிட்டது. பிற்பாடு வரும் உயிர்களுக்கு இந்த உடம்பு எந்த மந்திரத்தாலும் ஒத்துவராது. கையில் இருக்கிற பதிப்போடு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்ற பிறகு பாங்கிக் கணக்கை இதில் திறக்கக்கூடாது என்று மருமான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான்.

இந்தப் பொங்கலுக்கு வந்தபோது இன்னொரு பென் டிரைவ் கொண்டுவந்தான். லினக்ஸ். யாருடைய உத்தரவும் வேண்டாம், யாரும் பூட்டவில்லை, எடுத்துக்கொள்ளலாம், கொடுக்கலாம், இஷ்டமானால் உள்ளே மாற்றி எழுதலாம் என்று உரிமப் பத்திரத்திலேயே இருக்கிறதாம். வட்டில் ஏற்றாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினான். வைஃபை முதல் தட்டிலேயே வந்தது. பேட்டரிப் படம் வந்தது. விரல்ரேகைச் சதுரம்கூட ஏதோ முனகியது.

"தமிழ் அடிக்க முடியுமா?"

"தமிழ்99 இருக்கு. இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுத் தமிழாக்கிறதும் இருக்கு."

ஒரு பக்கம் அடித்துப் பார்த்தேன். 'ழ' சுமாராக இருந்தது. எழுத்துருவை மாற்றிக்கொள்ளலாம் என்றான். அவன் சட்டை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்புகையில் ஞாபகம் வந்து கேட்டேன்:

"ஏண்டா, இதில் மூடியை மூடலாமா?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"அது பார்க்கணும் மாமா" என்றான்.